பத்து கிலோமீட்டர் வானொலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் இயங்கும் சமுதாய வானொலியில் பல வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். ரேடியோவில் இருக்கிறேன் என்று சொன்னால் போதும், ஷேர் ஆட்டோவிலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியிலும் சரி, கேள்விகள் வந்துவிடும், பெரும்பாலும் அதே கேள்விகள். பாதி பதில் சொல்வதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடுகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

இது எந்த மாதிரி ரேடியோ? மிர்ச்சி, சூரியன் மாதிரியா, ஆகாசவாணி மாதிரியா?

இரண்டும் இல்லை. ஆகாசவாணி மத்திய அரசின் பிரசார் பாரதியைச் சேர்ந்தது. மிர்ச்சியும் சூரியனும் ஏலத்தில் அலைவரிசை எடுத்து லாபத்துக்காக நடத்தும் தனியார் எஃப்எம். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, அதுதான் சமுதாய வானொலி. ஒரு கல்வி நிறுவனமோ, லாப நோக்கம் இல்லாத அமைப்போ உரிமம் வாங்கி, தன்னைச் சுற்றியிருக்கும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஜனங்களுக்காக நடத்துவது. எங்களுடைய உரிமம் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கிறது, ஸ்டுடியோவும் டவரும் அதன் வளாகத்துக்குள் இருக்கின்றன. ஆனால் யாருக்காக என்று கேட்டால், மதில் சுவருக்கு வெளியே இருப்பவர்களுக்காக. இதைச் சிலர் உள்ளேயே மறந்துவிடுகிறார்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இதற்கெல்லாம் ஆரம்பம் 1995-ல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கிரிக்கெட் ஒளிபரப்பு யாருக்கு என்பதில் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் நடந்த வழக்கு அது. வான் அலைகள் பொதுச்சொத்து என்று அதில் நீதிபதிகள் சொன்னார்கள். கிரிக்கெட் வழக்கில் பிறந்த அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான், எங்களுக்கும் அலைவரிசை வேண்டும் என்று கல்வியாளர்களும் தொண்டு அமைப்புகளும் அடுத்த சில வருடங்கள் விடாமல் கேட்டார்கள். 2002 டிசம்பரில் மத்திய அரசு, கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் என்று கதவைத் திறந்தது.

இந்தியாவின் முதல் கேம்பஸ் வானொலி சென்னையில்தான் வந்ததாமே, உண்மையா?

உண்மை. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம், 90.4. 2004 பிப்ரவரி 1 அன்று அப்போதைய துணைப் பிரதமர் அத்வானி தொடங்கி வைத்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்வி பல்லூடக ஆராய்ச்சி மையம்தான் அதை உருவாக்கியது, அப்போது அதன் இயக்குநராக இருந்தவர் டாக்டர் ஆர். ஸ்ரீதர். இந்தியாவில் சமுதாய வானொலி என்று பேச்செடுத்தால் இவர் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. அடுத்த வருடமே நுங்கம்பாக்கத்தில் எம்.ஓ.பி. வைஷ்ணவா கல்லூரி 107.8-ல் வந்துவிட்டது. 2006 நவம்பரில் விதியைத் தளர்த்தி, கல்லூரி இல்லாத தொண்டு அமைப்புகளுக்கும் உரிமம் தரலாம் என்றார்கள். அதற்குப் பிறகு 2008-ல், இன்றைய தெலங்கானாவில் மச்னூர் என்ற கிராமத்தில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ ஆரம்பித்தது. இப்போது நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன.

ரேடியோ விஷயத்தில் இந்த ஊருக்கு முந்திக்கொள்வது புதிதில்லை. 1924-ல், ஆகாசவாணி என்ற பெயரே இல்லாத காலத்தில், கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் இங்கே ஒலிபரப்பு செய்தது. 1927-ல் பணமில்லாமல் அது நின்றுபோக, 1930-ல் மாநகராட்சி எடுத்து நடத்தியது. ரேடியோ பெட்டி வாங்க வசதி இல்லாதவர்களும் கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்த பிறகுதான் மாநகராட்சி கையை விட்டது. ஒரு நகராட்சி தன் ஜனங்களுக்காக ரேடியோ நடத்தியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். கடற்கரையில் மணலில் உட்கார்ந்து காசு கொடுக்காமல் கச்சேரி கேட்ட அந்தக் கூட்டம்தான் எங்கள் நேயர்களுக்கு முன்னோர்கள் என்று புதிதாக வரும் மாணவர்களிடம் சொல்வேன்.

எங்கள் வீட்டில் ஏன் கேட்பதில்லை? பக்கத்துத் தெருவில் கேட்கிறதே?

அதிகம் வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

தனியார் எஃப்எம்கள் பல கிலோவாட் சக்தியில் ஒலிபரப்புகின்றன. எங்களுக்கு அனுமதி 100 வாட். உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய குண்டு பல்பு எரியுமே, அதே கணக்கு. ஆன்டெனாவின் உயரமும் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கல்வி நிறுவனமாக இருந்தால் டவரை முக்கிய வளாகத்துக்குள்தான் வைக்க வேண்டும், வேறு எங்காவது மேடான இடம் பார்த்து வைக்க முடியாது. சென்னை தட்டையான ஊர், அது எங்களுக்கு நல்லது. ஆனால் எஃப்எம் அலை அனேகமாக நேர்கோட்டில்தான் போகும், நடுவில் பன்னிரண்டு மாடி அபார்ட்மென்ட் ஒன்று முளைத்துவிட்டால் அதன் பின்னால் நிழல் விழுந்த மாதிரி ஆகிவிடும். 30 மீட்டர் என்பது கிட்டத்தட்ட ஒன்பது, பத்து மாடி உயரம். இந்த விதி வந்தபோது எங்களைச் சுற்றி அந்த உயரத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கட்டடங்கள். இப்போது ஆற்றோரம் முழுக்க நிற்கின்றன. அதனால்தான் உங்கள் தெருவில் கேட்காதது அடுத்த தெருவில் கேட்கிறது.

என்ன செய்யலாம்? ரேடியோவை ஜன்னல் பக்கம், வளாகம் இருக்கும் திசையைப் பார்த்து வையுங்கள். ஆன்டெனாவை முழுசாக இழுத்து நேராக நிறுத்துங்கள், சாய்க்காதீர்கள். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் இவற்றின் பக்கத்தில் வைத்தால் கரகரக்கும். போனில் கேட்பதாக இருந்தால் வயர் வைத்த இயர்போனைச் செருக வேண்டும், அந்த வயர்தான் ஆன்டெனா. ப்ளூடூத் இயர்போன் அந்த வேலையைச் செய்யாது. சைதாப்பேட்டையில் ஒரு இஸ்திரி வண்டிக்காரர் எங்கள் நேயர். உள்ளங்கை அளவு ரேடியோ, அதன் உடைந்த ஆன்டெனாவின் அடியில் பழைய கேபிள் டிவி வயரின் செம்பை மூன்று சுற்றுச் சுற்றி, மறுமுனையை மேலே வேப்பமரக் கிளையில் கட்டியிருக்கிறார். பெட்டிக்கு நெருப்பு போடும் முன் காலையில் அவர் செய்யும் முதல் காரியம் அந்த வயரை இழுத்துப் பார்ப்பது. எங்கள் நிலையத்தில் எப்போதாவது ஒலி சுருதி இறங்கியது போல இருந்தால் முதல் போன் அவரிடமிருந்துதான் வரும்.

இன்னொன்று. 90.4 என்றால் ஒரே நிலையம் என்று நினைக்காதீர்கள். சமுதாய வானொலிக்கு ஒதுக்கிய அலைவரிசைகள் மிகச் சில, அதனால் நாடு முழுக்க அதே எண்ணை இடைவெளி விட்டு விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கிண்டியில் அண்ணா எஃப்எம் 90.4. காட்டாங்குளத்தூரில் எஸ்ஆர்எம்மின் முத்துச்சரமும் 90.4. பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசையும் அதேதான். ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போகும்போது ஒரு நிலையம் தேய்ந்து, நடுவில் கொஞ்ச தூரம் வெறும் இரைச்சல், அப்புறம் அதே எண்ணில் வேறொரு குரல். எஃப்எம்மில் எது வலுவாக வருகிறதோ அதைத்தான் ரேடியோ பிடித்துக்கொள்ளும், இரண்டையும் கலந்து தராது. ‘உங்கள் நிகழ்ச்சி திடீரென்று மாறிவிட்டது’ என்று செங்கல்பட்டு போகும் வழியிலிருந்து போன் செய்தவர்களும் உண்டு.

எல்லோரிடமும் போன் இருக்கிறது. ஒரு ஆப் போட்டால் உலகம் முழுக்கக் கேட்குமே, டவர் எதற்கு?

ஆப் இருந்தால் நல்லதுதான், நிகழ்ச்சிகளை நெட்டில் ஏற்றி வைப்பதும் நல்லதுதான். ஆனால் டவர் எதற்கு என்று 2015 டிசம்பர் 1 ராத்திரி கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் ஜாஃபர்கான்பேட்டையிலும் இருந்தவர்களைக் கேளுங்கள். அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. மின்சாரம் போனது, அப்புறம் செல்போன் டவர்களின் பேட்டரி தீர்ந்தது, அதற்கப்புறம் கையில் இருந்த போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. எந்தப் பாலம் மூடியிருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு போடுகிறார்கள் என்று தெரியாமல் மொட்டை மாடியில் ஜனங்கள் நின்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் மறுபடியும் அதே கதை. இரண்டு பென்டார்ச் செல் போட்ட ரேடியோ அப்போதும் பாடும், பேசும். கேட்பவர் லட்சம் பேராக இருந்தாலும் அலைக்கு நெரிசல் கிடையாது, டேட்டா தீராது.

2015 வெள்ளத்தின்போது கடலூரில் மாவட்ட நிர்வாகம் 107.8-ல் பேரிடர் கால வானொலி என்று தற்காலிகமாக ஒன்று நடத்தியது. முகாம் எங்கே, தண்ணீர் லாரி எங்கே, எந்தச் சான்றிதழுக்கு எங்கே போக வேண்டும் என்று உள்ளூர்த் தகவலாகவே சொன்னார்கள். பெரிய நிலையங்களால் இதைச் செய்ய முடியாது. மாநிலம் முழுக்கக் கேட்கும் ஒரு நிலையத்தில் ‘மூன்றாவது குறுக்குத் தெருவில் இடுப்பளவு தண்ணீர்’ என்று சொன்னால் யாருக்கு என்ன பயன்? பத்து கிலோமீட்டர் நிலையத்தில் சொன்னால் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் தெரு தெரியும். எங்கள் எல்லை சிறியது என்று யாராவது வருத்தப்பட்டால் நான் இதைத்தான் சொல்வேன், அந்தச் சின்ன எல்லைதான் எங்கள் பலம்.

2023-ல் மத்திய அரசு, செல்போன் கம்பெனிகள் போன்களில் எஃப்எம் வசதியை முடக்கி வைக்கக்கூடாது என்று ஒரு அறிவுரை அனுப்பியது. அடுத்த முறை போன் வாங்கும்போது கடையில் எஃப்எம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், நீங்கள் கேட்டால்தான் அவர்களும் வைப்பார்கள்.

செய்தி ஏன் வாசிப்பதில்லை?

விதி அனுமதிக்கவில்லை. செய்தி, நடப்பு அரசியல் இரண்டையும் சமுதாய வானொலி சொந்தமாகத் தயாரித்து ஒலிபரப்பக்கூடாது. ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, கல்லூரி சேர்க்கை, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர், புயல் எச்சரிக்கை, நோய்ப் பரவல் இதெல்லாம் செய்திக் கணக்கில் வராது, சொல்லலாம். ஒலிபரப்பிய எல்லாவற்றின் பதிவையும் மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும்.

எனக்கு இந்தத் தடையில் உடன்பாடு இல்லை. தெருவில் கழிவுநீர் ஓடுகிறது என்று சொன்னால் அது பொதுத் தகவலா, அரசியலா? யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். அந்தப் பயத்திலேயே பல நிலையங்கள் ஆரோக்கியம், சமையல், தன்னம்பிக்கை என்று பாதுகாப்பான தலைப்புகளுக்குள் சுருங்கிக்கொள்கின்றன. அனுமதி உள்ள பட்டியலே நல்ல நீளம், அதை முழுசாகப் பயன்படுத்தினாலே ஒரு வார்டுக்குத் தேவையானதில் பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம் என்பது என் அனுபவம்.

சினிமா பாட்டு?

அதற்குத்தான் மற்ற எல்லா நிலையங்களும் இருக்கின்றனவே. தவிர பாட்டுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், அனுமதி வேண்டும், பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு நல்ல ரெக்கார்டர் வாங்கினால் வியாசர்பாடி கானா ஒன்றையோ, மார்கழியில் கோயிலில் திருப்பாவை பாடும் குழந்தைகளையோ நாமே பதிவு செய்துகொள்ளலாம்.

பேசுவது யார்? மாணவர்கள்தானே?

மாணவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் மட்டும் பேசினால் அது கல்லூரி ரேடியோ, சமுதாய வானொலி ஆகாது. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு தயாரானதாக இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. முடிந்தவரை உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது வரியை நான் பிரிண்ட் எடுத்து ஸ்டுடியோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஏனென்றால் மைக் முன்னால் உட்கார்ந்தவுடன் யாராக இருந்தாலும் பாடப்புத்தகத் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள். பெசன்ட் நகர் ஊரூர் குப்பத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் வெளியே திண்ணையில் கச்சான், கொண்டல், வாடை என்று ஒவ்வொரு காற்றுக்கும் எந்த மீன் வரும் என்று அரைமணி நேரம் அருவி மாதிரி பேசினார். உள்ளே வந்து, பதிவு நடக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் ‘மீன்பிடித் தொழில் மிகவும் சிறப்பான தொழிலாகும்’ என்றார். அன்றிலிருந்து விளக்கைப் போடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே பதிவை ஓடவிட்டுவிடுகிறோம், அது அவருக்கும் தெரியும், அவர் சம்மதித்தும் இருக்கிறார்.

இன்னொரு நாள் நினைவில் இருக்கிறது. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார், வீட்டு வேலைக்குப் போகிறவர், தண்ணீர் லாரி வரும் நாளில் ஒரு பெண்ணின் காலை எப்படிப் போகிறது என்று பேச வந்தவர். கை நிறைய கண்ணாடி வளையல். பேசும்போது கையை ஆட்டுவார், ஒவ்வொரு ஆட்டலுக்கும் கலகலவென்று மைக்கில் ஏறுகிறது, ஒலியின் அளவைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய் வருகிறது. வளையலைக் கழற்றி வையுங்கள் என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டான். அவர் முகம் மாறிவிட்டது, ‘அதெல்லாம் கழட்ட மாட்டேம்பா’ என்று எழுந்துகொண்டார். நான் போய் மன்னிப்புக் கேட்டு உட்கார வைத்தேன். அப்புறம் ஒரு மாணவி தன் துப்பட்டாவை எடுத்து அவருடைய இரண்டு கையிலும் வளையல்மேல் மெதுவாகச் சுற்றிக் கட்டினாள். அப்படியே 20 நிமிடம் பேசினார். குடம் வைக்கும் வரிசையில் யாருக்கு எந்த இடம், கல்லை வைத்து இடம் பிடிப்பது, பரீட்சை நாளில் பள்ளிக்கூடப் பிள்ளை உள்ள வீட்டை முன்னால் விடுவது என்று எங்களில் யாருக்கும் தெரியாத ஒரு சட்டப் புத்தகமே வாயில் இருந்தது. எடிட்டிங்கில் இரண்டு இடத்தில் வளையல் சத்தம் லேசாகக் கேட்டது, வெட்டவில்லை. ஒலிபரப்பான அன்று அவர் குடியிருப்பில் படிக்கட்டில் பத்துப் பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள் என்று மறுநாள் சொன்னார்.

சொந்தக்காரர் பல்கலைக்கழகம். அப்புறம் அவர்கள் சொல்வதைத்தானே சொல்வீர்கள்?

நியாயமான சந்தேகம். கட்டடம், மின்சாரம், சம்பளம் எல்லாம் அவர்களிடமிருந்து வரும்போது அந்த ஆபத்து இருக்கவே இருக்கிறது. நான் இதற்கு முன் ஒரு கல்வி நிறுவனத்தின் வானொலியில் இருந்தேன், பெயர் வேண்டாம். வியாழக்கிழமை மாலை நாலு மணி என்பது சுற்றுவட்டாரப் பெண்களுக்கான நேரடி நிகழ்ச்சி, இரண்டு வருடம் கஷ்டப்பட்டுப் பழக்கப்படுத்திய நேரம். ஒரு வியாழன் ஆண்டுவிழா உரைகளை நேரடியாகப் போடச் சொல்லி மேலிருந்து உத்தரவு. அன்று ஆறு பேர் வேலையிலிருந்து முன்கூட்டியே கிளம்பி வந்திருந்தார்கள். ஒருவர் கைக்குழந்தையோடு. வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, இன்று இல்லை என்று சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று, சொன்னது நான்தான். அடுத்த வியாழன் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் யாரும் வரவில்லை. மறுபடி அந்தக் கூட்டத்தைச் சேர்க்க எட்டு மாதம் ஆனது. இன்னும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அதனால் இப்போது இருக்கும் இடத்தில் சேரும்போதே ஒன்று கேட்டு வாங்கினோம்: மக்கள் நிகழ்ச்சியின் நேரத்தைப் புயல் எச்சரிக்கை தவிர வேறு எதற்காகவும் எடுக்கக்கூடாது. நிகழ்ச்சிகளை முடிவு செய்யும் ஆலோசனைக் குழு ஒன்று ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும். 2024-ல் வந்த புதிய வழிகாட்டுதலின்படி அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். அந்தக் குழுவில் பேராசிரியர்களை மட்டும் போடாமல் வெளியாட்களையும் போடுங்கள் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். பல்கலைக்கழகம் மோசமான சொந்தக்காரர் என்று நான் சொல்லவில்லை. வாடகை இல்லாத இடம், பழுது பார்க்க எலெக்ட்ரானிக்ஸ் துறை, வருடா வருடம் புதிய இளம் குரல்கள், சந்தேகம் கேட்க டாக்டரும் வக்கீலும் விஞ்ஞானியும் நடந்து போகும் தூரத்தில். இந்த வசதி எந்தத் தொண்டு அமைப்புக்கும் கிடைக்காது. அலை பொதுச்சொத்து, தாங்கள் அதற்குக் காவலர் என்ற நினைவு அவர்களுக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி பல்கலைக்கழகம். கொஞ்சம் அரசுத் துறைகளின் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள், கொஞ்சம் விளம்பரம். ஆரம்பத்தில் விளம்பரமே கூடாது. 2006-ல் ஒரு மணி நேரத்துக்கு 5 நிமிடம் என்றார்கள், அப்புறம் 7 நிமிடம் ஆனது. 2024 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த தென்மண்டல சமுதாய வானொலி மாநாட்டில், சமுதாய வானொலிக்கு 20 வருடம் ஆனதை ஒட்டி, அதை 12 நிமிடமாக உயர்த்தியதாக அறிவித்தார்கள். அரசு விளம்பரத்துக்கான கட்டணமும் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாய் ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பன்னிரண்டு நிமிடமும் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய், ஆனால் நிரம்புவதே இல்லை. எனக்குப் பிடித்த விளம்பரம் எங்கள் பகுதி மாவு மில்காரர் கொடுத்தது, ‘இட்லி அரிசி ஊற வைத்து எடுத்து வாங்க, அரைத்துத் தருகிறேன்’ என்று அவர் குரலிலேயே பத்து விநாடி.

அமெரிக்கா மாதிரி நேயர்களிடமே பணம் கேட்கலாமே?

அங்கே பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தமான பொது வானொலிகள் நிறைய உண்டு. ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கேயூடி அப்படி ஒன்று, 90.5-ல் வருகிறது. ஒரு பெரிய வட்டாரத்துக்கே செய்தி தருகிறார்கள், என்பிஆர் என்ற தேசிய அமைப்பிலிருந்து நிகழ்ச்சிகள் எடுக்கிறார்கள், வருடத்தில் சில வாரம் நிகழ்ச்சிக்கு நடுவே நேயர்களிடம் நேரடியாக நன்கொடை கேட்கிறார்கள், கிடைக்கவும் செய்கிறது. 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது, நன்கொடைப் பழக்கம் வேரூன்றிய நிலையங்கள் அதைத் தாங்கும், சின்ன ஊர் நிலையங்களுக்குத்தான் பெரிய அடி.

அவர்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் செய்தி. காலையில் நம்பகமான உள்ளூர்ச் செய்தி தருகிற நிலையத்துக்கு ஜனங்கள் பணம் கொடுப்பார்கள். நமக்கு அந்த உரிமை இல்லை. இருந்தாலும் நம் ஊரில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கும், தெரு விநாயகருக்கும் வீடு வீடாகப் போய் நோட்டுப் புத்தகத்தில் பேர் எழுதி வசூல் செய்கிற பழக்கம் இருக்கிறதே. தெருவுக்கு ஒரு நோட்டு போட்டு ஸ்டுடியோவுக்கு ஏசி வாங்க முடியாதா என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், பல்கலைக்கழக நிதிப் பிரிவுதான் ரசீது எப்படிப் போடுவது என்று யோசிக்கிறது.

எத்தனை பேர் கேட்கிறார்கள்?

எண்ணிக்கை சொல்ல மாட்டேன், இந்த அளவு நிலையங்களுக்கு ஒழுங்கான கணக்கெடுப்பு கிடையாது, யாராவது லட்சம் என்று சொன்னால் எப்படி எண்ணினீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். எங்கள் வழி வேறு. மாதம் ஒரு சனிக்கிழமை நாலு பேர் நாலு தெருவுக்குப் போவோம், டீக்கடை, தையல் கடை, அங்கன்வாடி, ஆட்டோ ஸ்டாண்டு. கேட்கிறீர்களா என்று கேட்கக் கூடாது, மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். போன வாரம் டெங்கு பற்றிப் பேசிய டாக்டரம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்போம். பதில் வந்தால் கேட்டிருக்கிறார்கள்.

என் பெண் விஸ்காம் படிக்கிறாள். இங்கே வந்தால் வேலை கிடைக்குமா?

வேலை உத்தரவாதம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் தனியார் எஃப்எம்மில் புதிதாகப் போனால் காபி வாங்கி வர அனுப்புவார்கள், இங்கே இரண்டாவது வாரமே ஒலிகளைக் கலந்து அனுப்பும் கான்சோல் முன்னால் உட்காரலாம். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை எப்போது ஏற்றுவது, எப்போது வாயை மூடிக்கொண்டு எதிரில் இருப்பவரைப் பேச விடுவது, ஒலி நின்று போன மூன்று விநாடியில் பதறாமல் என்ன செய்வது, இதெல்லாம் கை பழகினால்தான் வரும்.

நான் வந்து பேசலாமா? என்ன கொண்டு வர வேண்டும்?

தாராளமாக வாருங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. எழுதி வைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள், மூன்று விஷயம் மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி தானாக வரும். சரசரக்கும் பட்டுப்புடவை, கொத்துச் சாவி, சட்டைப் பையில் சில்லறை வேண்டாம். வளையலைக் கழற்ற வேண்டாம், எங்களிடம் துணி இருக்கிறது. வருவதற்கு அரைமணி நேரம் முன்பு மோர், தயிர் வேண்டாம், வெந்நீர் நாங்கள் தருவோம். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. ரெக்கார்டிங்கின்போது ஃபேனை நிறுத்திவிடுவோம், மே மாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், கைக்குட்டை எடுத்து வாருங்கள்.

நீங்கள் நேரில் வர முடியாத நிலையில் இருந்தால் சொல்லுங்கள், ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு நாங்கள் வீட்டுக்கு வருகிறோம். படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டியிடம் பழைய மாம்பலம் ஏரி பற்றி அப்படித்தான் நாலு வாரம் பதிவு செய்தோம், பின்னணியில் அவர் வீட்டு பிரஷர் குக்கர் விசிலோடு.

மெயின் கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் பெயர் எழுதச் சொல்வார், ‘ரேடியோவுக்கு’ என்று சொல்லுங்கள், போதும். உள்ளே நேராக வந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் இடது பக்கம் திரும்பினால் டவர் தெரியும், அதன் அடியில் பச்சைக் கதவு. சிவப்பு விளக்கு எரிந்தால் கொஞ்சம் நில்லுங்கள், அணைந்ததும் கதவைத் தட்டுங்கள்.